அரளிப்பூச் செண்டால் அடித்தது யார்?

கேள்வி: அம்மா, எனக்கு ஐந்து மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் என் அப்பத்தா எனக்குப் பாடிய தாலாட்டைத்தான் அவளுக்கும் பாடுகிறேன். “யாரடிச்சு நீயழுத, அடிச்சாரைச் சொல்லியழு; மாமன் அடிச்சாரோ மல்லியப்பூச் செண்டாலே, அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே” என்று வருமே, அந்தப் பாட்டு. அண்மையில் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, அரளி நஞ்சல்லவா, பெண் சிசுவைக் கொன்ற காலத்தின் மறைகுறிப்பு இது, தெரியாமல் பாடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். அன்றிலிருந்து அந்த அடி வரும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. என் நாத்தனாரும் எங்களோடுதான் இருக்கிறார். அவர் காதுபட “அத்தை அடிச்சாளோ” என்று பாடவும் இப்போது கூசுகிறது. அப்பத்தா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் தெரிந்தேதான் பாடினாரா? நான் இதை நிறுத்திவிட வேண்டுமா? – கோவையிலிருந்து ஒரு வாசகி.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். பாடுங்கள், அரளியை எடுத்துவிட்டு வேறொரு பூவை அங்கே வைக்கவும் வேண்டாம். ஆனால் உங்கள் உறவினர் சொன்னதில் பிழை எது, தம்மை அறியாமலே அவர் தொட்டுவிட்ட உண்மை எது என்று பிரித்துக் காட்டாமல் இப்படிச் சொல்வது, மருமகளைப் பார்த்து ‘பேசாமல் வேலையைப் பார்’ என்பதைப் போல ஆகிவிடும். நாட்டார் வழக்காற்றியலைக் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். குழந்தை தூங்கும் நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

அரளி நஞ்சுடையது என்பதில் ஐயமில்லை. பூ, இலை, விதை, பால் என்று அந்தச் செடியின் எல்லாப் பகுதிகளிலும் இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் வேதிப்பொருள்கள் உள்ளன. அரளி விதை என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊர்களில் மனம் எங்கே ஓடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கெட்ட பெயரைப் பெரிதும் சுமப்பது மஞ்சள் அரளியின் விதை. அந்தச் செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் இங்கு வந்து சேர்ந்தது. செண்டாகவும் மாலையாகவும் கட்டப்படும் செவ்வரளியோ நம்மிடம் மிகப் பழையது. கணவீரம் என்பது அதன் பழம்பெயர். திருமுருகாற்றுப்படையில் முருகனுக்கு வெறியாட்டு என்னும் சாமியாட்டம் நிகழும் களத்தில் “பெருந்தண் கணவீர நறுந்தண் மாலை” தொங்குகிறது. இன்றும் அம்மன் கோயில் வாசலில் பூக்காரம்மா கூடையில் இதைத்தான் குவித்து வைத்திருப்பார். சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் உழவர்கள் இதைப் பயிராகவே வளர்த்துக் கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். இதே பூவின் மாலையை, மிருச்சகடிகம் என்ற பழைய வடமொழி நாடகத்தில், கொலைக்களத்துக்கு நடத்திச் செல்லப்படும் சாருதத்தனின் கழுத்தில் போடுகிறார்கள். தெய்வத்துக்கும் சாவுக்கும் பொதுவான பூ என்பதால், அரளி என்ற சொல் வந்ததுமே அங்கே நஞ்சுதான் குறிக்கப்படுகிறது என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. (பாட்டில் எது இருந்தாலும், உண்மையான அரளிப்பூவைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஐந்து மாதத்தில் எல்லாம் வாய்க்குப் போகும்.)

அடுத்தது பாட்டின் கட்டுமானம். வாய்மொழிப் பாட்டுக்கு ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. பாடுகிறவளின் நினைவில் அது நிற்க மோனைதான் ஆணியாக இருக்கிறது. மாமனுக்கு மல்லிகை, அத்தைக்கு அரளி என்று உறவின் முதலெழுத்தே பொருளின் முதலெழுத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறது. பல ஊர்களில் இதைத் தொடர்ந்து பாட்டியும் வருவாள்; அவள் அடிப்பது பாலூட்டும் சங்கால். அத்தை அல்லிப்பூச் செண்டால் அடிக்கும் வடிவமும் உண்டு. நஞ்சைச் சொல்வதற்கென்றே இந்த அடி பிறந்திருந்தால், அரளி இருந்த இடத்தில் அல்லியை வைத்துப் பாடியவர்களுக்கு அந்த மறைபொருள் எப்படிச் சற்றும் எட்டாமல் போயிருக்கும்? தாலாட்டில் இருண்ட பொருள் கண்டதாக யாராவது சொன்னால் நான் முதலில் செய்வது இதைத்தான்: அதே பாட்டின் மற்ற வடிவங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பொருள் எல்லா வடிவங்களிலும் தங்கினால் அது பாட்டுக்குள் இருக்கிறது. ஒரே ஒரு சொல்லை மாற்றியதும் மறைந்துவிட்டால், பெரும்பாலும் கேட்பவர் கொண்டுவந்து வைத்ததாகத்தான் இருக்கும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, அந்த விளக்கம் எப்போது பிறந்தது என்பது. ஆங்கிலக் குழந்தைகள் கைகோத்து வட்டமாகச் சுற்றி, தும்மி, கடைசியில் பொத்தென்று விழுவார்களே, ‘ரிங்கா ரிங்கா ரோசஸ்’ என்ற அந்த ரோஜாப்பூப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1665-இல் லண்டனைச் சூறையாடிய கொள்ளைநோயைப் பாடுகிறது, தும்மல் நோயின் அறிகுறி, விழுவது சாவு என்று உலகமே சொல்கிறது. ஆனால் அந்தப் பாட்டு இங்கிலாந்தில் அச்சேறியது 1881-இல்தான். கொள்ளைநோய் விளக்கமோ இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவலானது. தும்மலே இல்லாத வடிவங்கள் பல இருக்கின்றன என்பதையும் சுட்டிக்காட்டி அறிஞர்கள் அந்த விளக்கத்தை ஒதுக்கிவிட்டார்கள். ஆயினும் அது சாகவில்லை. மழலைப் பாட்டுக்குள் பிணம் கிடக்கிறது என்று சொல்வதில் சொல்பவருக்கும் ஒரு கிளுகிளுப்பு, கேட்பவருக்கும் ஒரு கிளுகிளுப்பு.

உங்கள் உறவினரின் விளக்கத்துக்கும் ஒரு காலம் இருக்கிறது. 1980-களின் நடுவில் உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவது பத்திரிகைகளில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. அரளிப்பால், எருக்கம்பால், கள்ளிப்பால் என்ற சொற்கள் அப்போதுதான் நகரத்து வரவேற்பறைகளுக்குள் நுழைந்தன. பெற்றோர் வேண்டாமென்று விடும் பெண் சிசுக்களை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியபோது, ‘தொட்டில்’ என்ற சொல்லுக்கே ஒரு நிழல் விழுந்தது. அந்தக் கொடுமை நடந்தது உண்மை. அதை மறக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செய்திகளைக் கேட்டு வளர்ந்த ஒருவர் பழைய தாலாட்டுக்குத் திரும்பி வரும்போது அரளி என்ற சொல் அவர் காதில் வேறு மாதிரி விழுகிறது; அந்த ஒலியைப் பாட்டின் தோற்றத்துக்கே சான்றாகக் கொள்ளக் கூடாது. ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் ஒரே அடிதான் பாடப்பட்டது. அதோடு, பாட்டில் வரும் குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. அழாதே, தூங்கு என்கிறாள் தாய். வளர்க்கப்போகிற குழந்தைக்குத்தான் யாரும் தாலாட்டுப் பாடுவார்கள்.

இங்கே நிறுத்திவிட்டால் எல்லாம் வெறும் மோனை, வேறொன்றும் இல்லை என்று நான் சொன்னதாக ஆகும். அது உண்மையில்லை. அகரத்தில் தொடங்கும் பூக்கள் எத்தனையோ இருக்க, மணம் வீசும் மல்லிகை மாமனுக்கும், பெண்கள் தலையில் சூடிக்கொள்ளாத அரளி அத்தைக்கும் போய்ச் சேர்ந்தது ஏன் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்கு விடை குடும்பத்துக்குள்தான் இருக்கிறது.

தாலாட்டுப் பாடுகிறவள் பெரும்பாலும் புகுந்த வீட்டில் இருக்கும் இளம் மனைவி. அவள் வாயில் மாமன் என்பவன் அவளுடைய சொந்த உடன்பிறந்தான். அத்தை என்பவளோ கணவனின் உடன்பிறந்தாளாக இருந்தால் நாத்தனார். மாமனின் மனைவியாக இருந்தால், அண்ணன் கையிலிருந்து வரவேண்டியதைத் தடுத்துவிடக் கூடியவள் என்று அஞ்சப்படும் அண்ணி. எந்தப் பக்கம் பார்த்தாலும் மாமன் தன் ரத்தம், அத்தை மணத்தால் வந்து ஒட்டியவள். முறைமாப்பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டால், பெண் குழந்தைக்கு அந்த அத்தையே நாளைய மாமியார். இனி மாமனின் மல்லிகையைப் பாருங்கள். பிறந்த வீட்டு நிலத்தில் பங்கில்லாத பெண்ணுக்கு அண்ணன், தம்பி கொண்டுவரும் சீர்தான் பங்கு. தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை தரும் திருத்தம் வந்தது 1989-இல்தான். அதற்கு முன்பே மணமாகியிருந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005-இல் வந்தது. ஆகவே உங்கள் அப்பத்தா தன் பிள்ளைகளுக்குப் பாடிய காலத்தில், மாமன் பட்டு கொண்டுவருவான், தொட்டில் கொண்டுவருவான், பால்குடிக்கக் கிண்ணி கொண்டுவருவான் என்று அடுக்கும் தாலாட்டு அடிகளெல்லாம் புகழ்ச்சி போலத் தோன்றினாலும், கொஞ்சம் உற்றுக் கேட்டால் வரவேண்டிய பாக்கியின் பட்டியல். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் மாமியார் காதில் என் பிறந்த வீடு வெறுங்கையோடு விடவில்லை என்று விழ வேண்டும். திண்ணையில் இருக்கும் உடன்பிறந்தான் காதில் நீ இன்னும் தரவில்லை என்று விழ வேண்டும். குழந்தைக்கு ஒன்றும் புரியாது என்பதே இந்தப் பாட்டுக்குப் பாதுகாப்பு. தொட்டிலைப் பார்த்துப் பாடுகிறவளிடம், யாரைச் சொன்னாய் என்று எவரும் சண்டைக்கு வர முடியாதல்லவா?

இதை விடவும் கனமானது அதற்கு முந்தைய அடி. “யாரடிச்சு நீயழுத, அடிச்சாரைச் சொல்லியழு” என்பதோடு இப்போது பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். பழைய வடிவங்களில் அது தொடரும்: அடித்தாரைச் சொல்லியழு, ஆக்கினைகள் செய்துவைப்போம்; தொட்டாரைச் சொல்லியழு, தோள்விலங்கு பூட்டிவைப்போம். ஆக்கினை என்பது அரசன் இடும் தண்டனை. விலங்கு பூட்டுவேன் என்று சொல்கிறவள் யார்? அந்த வீட்டில் ஒரு நாழி அரிசியைக்கூடக் கேட்காமல் எடுக்க முடியாதவள். தான் அடிபட்டு அழுத இரவுகளில் அவளிடம் யாரடித்தார்கள் என்று கேட்க ஆள் இருந்திருக்காது. அப்படியே கேட்டிருந்தாலும், அடித்தவர் பெயரைச் சொல்லி அழும் உரிமை அவளுக்கு இருந்திருக்காது. தன்னிடம் யாரும் கேட்காத கேள்வியை அவள் குழந்தையிடம் கேட்கிறாள், தனக்குக் கிடைக்காத நீதியைக் குழந்தைக்கு வாக்களிக்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இது என் வாசிப்பு; ஆவணத்தில் எழுதிவைத்த செய்தி இல்லை. ஆனால் பாட்டில் உள்ள எந்தச் சொல்லையும் இதற்காக நான் வளைக்கவில்லை. இறுதியில் “ஆரும் அடிக்கவில்லை, ஐவிரலும் தீண்டவில்லை” என்று பாட்டு முடியும்போது, அந்த மறுப்பை எத்தனை பெண்கள் எத்தனை முறை, அக்கம்பக்கத்தார் முன்னால், தங்களைப் பற்றியே சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர்களில் அலைந்த நாட்களில் இதை நேரிலேயே கண்டிருக்கிறேன். தாலாட்டுப் பாடச் சொன்னால் சில மூதாட்டிகள் நாலைந்து கண்ணிகள் கழிந்ததும் தம்மை அறியாமல் ஒப்பாரிக்குள் இறங்கிவிடுவார்கள். ராகம் பெரிதாக மாறாது, இழுவை மட்டும் நீளும், கண்ணே என்றது அம்மா என்று ஆகிவிடும். பிறகு சட்டென்று நிறுத்தி, தொட்டில் பாட்டுக் கேட்ட இடத்தில் இதைப் பாடிவிட்டேனே என்று வெட்கப்படுவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டையும் பாடியது ஒரே வாய். செவ்விலக்கியத்திலும் இது புதிதில்லை. பெருமாள் திருமொழியில் குலசேகர ஆழ்வார் தேவகியாக நின்று பாடும் பதிகம் “ஆலை நீள்கரும் பன்னவன் தாலோ” என்று, கேட்டதும் தூக்கம் வரும் ஓசையில் தொடங்குகிறது. நான்கைந்து ‘தாலோ’ கடந்த பிறகுதான் நமக்கு உறைக்கிறது: இப்படியெல்லாம் வாய் நிறையத் தாலாட்டும் பேறு எனக்கு இல்லை, “தாயரில் கடையாயின தாயே” நான் என்கிறாள். தொட்டிலில் பிள்ளை இல்லை. அவன் ஆயர்பாடியில் வேறொருத்தி மடியில் வளர்கிறான். தால் என்றால் நாக்கு; நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. ஆட்ட நாக்கு இருந்தும் கேட்கப் பிள்ளை இல்லாதவளின் பாட்டு அது.

பிற நாடுகளிலும் இப்படித்தான். ஸ்பெயின் நாட்டுக் கவிஞர் லோர்கா 1928-இல் மாட்ரிட் நகரில் தாலாட்டுகளைப் பற்றி ஆற்றிய உரையில், தம் நாட்டுத் தாய்மார் பச்சைக் குழந்தையைத் தூங்கவைக்க இத்தனை துயரமான பாட்டுகளை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். பிழைப்பின் பாரத்தைச் சுமக்கும் ஏழைப் பெண்களே அவற்றை ஆக்கியவர்கள் என்பது அவர் கண்ட விடை.

இனி உங்கள் அப்பத்தா. அவர் தெரிந்தேதான் பாடினாரா என்று கேட்கிறீர்கள். நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அவர் அப்பாவைப் பெற்றவர். அப்படியானால் உங்கள் தொட்டிலருகே உட்கார்ந்து “அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே” என்று அவர் பாடியபோது, அந்த அத்தை அவர் பெற்ற மகள். மாமனோ அவர் வீட்டு மருமகளின் உடன்பிறந்தான், சம்பந்தி வீட்டுப் பையன். தன் மகளுக்கு அரளியும் சம்பந்தி மகனுக்கு மல்லிகையும் கொடுத்து அவர் பாடியிருக்கிறார்! அதற்கு ஒரு தலைமுறை முன்பு தன் பிள்ளைக்குப் பாடியபோது அதே அரளி தன் நாத்தனாரைச் சுட்டியிருக்கும். அன்று அதில் கொஞ்சம் முள் இருந்திருக்கலாம். பேத்திக்குப் பாடும் வயதில் அந்த முள் மழுங்கி, இன்னொரு வீட்டில் வாழ்க்கைப்பட்டுப் போன மகளைச் செல்லமாகச் சீண்டும் சொல்லாக மாறியிருக்கும். அந்த மகளும் தன் புகுந்த வீட்டில் தன் குழந்தைக்கு இதையே பாடியிருப்பாள், தன் நாத்தனாரை நினைத்தபடி. ஒரே அடி, பாடுகிறவள் தொட்டிலுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்பதைப் பொறுத்துக் குத்தலாகவும் கொஞ்சலாகவும் ஆகிறது. ஆகவே அப்பத்தா தெரிந்துதான் பாடியிருப்பார். ஆனால் அவருக்குத் தெரிந்தது உங்கள் உறவினர் சொன்னது அன்று.

உங்கள் நாத்தனார் விஷயத்தில், நீங்கள் கூசிக் குரலைத் தாழ்த்தினால்தான் அந்த அடி உண்மையிலேயே அவரைச் சுட்டுவதாக ஆகிவிடும். பல குடும்பங்களில் குழந்தையைத் தொட்டிலில் இடுவதும், காதில் பெயர் சொல்வதும் அத்தையின் உரிமை. உங்கள் வீட்டில் அந்தச் சடங்கு நடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. நடந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு நாள் மாலை குழந்தையை அவர் மடியில் கொடுத்து, நான் பாடுவதைக் கேட்டிருப்பீர்களே, நீங்கள் பாடுங்கள் அண்ணி என்று சொல்லிப் பாருங்கள். (இளையவராக இருந்தால் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்.) அத்தையின் வாயிலிருந்தே “அத்தை அடிச்சாளோ” என்று வரும்போது அது எப்படி ஒலிக்கிறது என்பதை நான் கேட்டிருக்கிறேன். ஒருமுறை ஒரு பெண், அந்த அடி வந்ததும் குழந்தையின் பாதத்தை விரலால் மெல்லத் தட்டிவிட்டு, ஆமாடி, நான்தான் அடிச்சேன் என்று பாட்டுக்கு நடுவிலேயே சொல்லிச் சிரித்தாள். நாத்தனார் பாட மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். நீங்களே வழக்கமான குரலில் பாடுங்கள்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்கிறேன். தொலைபேசியில் உங்கள் அத்தையைக் கூப்பிட்டு, அப்பத்தா பாடிய கண்ணிகள் முழுவதையும் சொல்லச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். அவருக்கு நினைவிருக்கும், அந்தப் பாட்டில் தூங்கிய முதல் தலைமுறை அவர்தான். மல்லிகைக்கும் அரளிக்கும் முன்னால் தோள்விலங்கு பூட்டும் அடி அதில் இருந்ததா, உங்கள் அப்பத்தா அதைப் பாடினாரா அல்லது விழுங்கிவிட்டாரா என்று எனக்கு எழுதுங்கள்.